குவியாத கைகள்

நம் தமிழ்மொழியில் கையைத் தொட்டுப் பிறந்த சொற்களுக்குக் கணக்கில்லை. கைராசி என்கிறோம், கைப்பக்குவம் என்கிறோம், உதவி செய்தால் கைகொடுத்தார் என்றும், மறந்துவிட்டால் கைவிட்டார் என்றும் கூறுகிறோம். பணம் இருப்பதும் இல்லாமற்போவதும்கூடக் கையில்தான். ஆயினும், தம் உள்ளங்கையை விளக்கொளியில் விரித்து வைத்து ஒரு நிமிடம் உற்று நோக்கியவர் நம்முள் எத்தனை பேர்? கைரேகைக்காரனிடம் காசு கொடுத்து நீட்டியவர்களை இக்கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

பங்குக் குருவுக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. ஞாயிறுதோறும் நற்கருணைக்காக நீட்டப்படும் உள்ளங்கைகளை அவர் காண்கிறார். சில ஆண்டுகள் ஒரே பங்கில் இருந்துவிட்டால், முகத்தை நோக்காமலே இது இன்னார் கை என்று சொல்லிவிடலாம். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை ஒன்று. மல்லிகைச் சரம் தொடுத்துத் தொடுத்து விரல்நுனியில் நாரின் தடம் பதிந்த கை ஒன்று. பேருந்தின் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து வழவழப்பான கை ஒன்று. பரோட்டாக் கல்லின் சூட்டில் சிவந்த கை ஒன்று. மதுரையைச் சுற்றியுள்ள இந்தச் சமவெளியின் தொழில்கள் அனைத்தும் அந்த வரிசையில் வந்து நிற்கின்றன. அவற்றுக்கிடையே, முழுவதும் விரியாத கைகளும் கண்ணில் படுகின்றன. மோதிர விரல் உள்நோக்கி வளைந்திருக்கும். சில வேளைகளில் சுண்டு விரலும் அதனோடு சேர்ந்து வளைந்திருக்கும். அன்னார் அக்கையை நீட்டும்போதே மற்றொரு கையால் மறைத்துக் கொள்வர்.

அவ்வாறு மறைத்துக்கொண்டவருள் ஒருவர், சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பெரியவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பல மாதங்களாக அவர் வலக்கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டே கோவிலுக்கு வந்தார். ஒருநாள் எல்லாரும் சென்றபின் வந்து, குரலைத் தாழ்த்தி, "சாமி, யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க. இது பெருவியாதியா இருக்குமோ?" என்று கேட்டார். வீட்டில் தமக்கெனத் தனித் தம்ளரும் தனித் தட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பேரக் குழந்தையைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்ட மருமகளிடம் முதுகுவலி என்று சொல்லி வைத்திருந்தார். அஞ்சி நடுங்கி ஒரு மனிதன் தன்னைத் தானே சொந்த வீட்டிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டான் என்பதே இதன் பொருள்.

மருத்துவர் பரிசோதித்தார். தொழுநோய் இல்லை. ஆனால் அவர் இரத்தத்தில் இருந்த சர்க்கரையின் அளவோ, பல ஆண்டுகளாகக் கவனிப்பாரின்றி ஏறிக்கொண்டிருந்த அளவு. ஆறுமாத காலம் அவர் அஞ்சிய நோய் அவரிடம் இல்லை; அவர் நினைத்தே பாராத நோய் அவர் உடலில் குடியேறி நெடுநாள் ஆகியிருந்தது. இக்கட்டுரை எழுந்ததற்கு அதுவே காரணம்.

உள்ளங்கைத் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

உள்ளங்கைத் தோல் புறங்கைத் தோலைப் போன்றதன்று. புறங்கைத் தோலைக் கிள்ளினால் எழும்பி வரும்; உள்ளங்கைத் தோல் அவ்வாறு வராது. அதற்குக் காரணம், தோலுக்கு அடியில் விசிறி போல் விரிந்திருக்கும் உறுதியான நார்ப்படலம். மணிக்கட்டிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு விரலின் அடிவரையில் அது கிளைத்துச் செல்கிறது. ஒரு பொருளை இறுகப் பற்றும்போது தோல் நழுவாமல் நிற்பதற்கு அதுவே உதவுகிறது. கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது அது. தசைநாண் வேறு, இப்படலம் வேறு. விரலை மடக்குவது தசைநாணின் வேலை. படலத்துக்கு மடக்கும் வேலை எதுவும் இல்லை.

சிலருக்கு இப்படலம் தடிக்கத் தொடங்குகிறது. முதலில் மோதிர விரலின் அடியில், உள்ளங்கையில் பயற்றளவு ஒரு முடிச்சுத் தோன்றும். பெரும்பாலும் வலி இராது. ஆணி என்றோ காய்ப்பு என்றோ எண்ணி நாம் விட்டுவிடுவோம். சில ஆண்டுகளில் அம்முடிச்சு கயிறு போல நீண்டு விரலுக்குள் ஏறும். தோலில் குழி விழும். பின்னர் அக்கயிறு சுருங்கச் சுருங்க, விரல் உள்ளங்கையை நோக்கி வளையும். மற்றொரு கையால் பிடித்து நிமிர்த்தினாலும் நிமிராது. நார்களை உண்டாக்கும் உயிரணுக்கள் தம் இயல்பு மாறி, தசையைப் போலச் சுருங்கும் ஆற்றலைப் பெற்றுவிடுவதே இதன் அடிப்படை. காயம் ஆறும்போது தழும்பு சுருங்குகிறதல்லவா? அதே வேலைதான், ஆனால் காயமில்லாத இடத்தில், நிறுத்துவார் இல்லாமல் நடைபெறுகிறது.

பாரீசு நகரின் ஓட்டல் தியூ மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த கியோம் டுப்யூட்ரன் என்பவர் 1831-ஆம் ஆண்டில் ஒரு திராட்சை மது வணிகரின் கையில் அறுவை செய்து, குற்றம் தசைநாணில் இல்லை, படலத்திலேயே உள்ளது என்று மாணவர்களுக்கு விளக்கிக் காட்டினார். அவருக்கு முன்னரே பாசல் நகரத்து பெலிக்சு பிளாட்டரும், இலண்டன் மாநகரத்து ஹென்றி கிளைனும், அசிட்லி கூப்பரும் இந்நோயைக் கண்டிருந்தனர். ஆயினும் உலகம் டுப்யூட்ரன் சுருக்கம் என்றே அதனை அழைக்கிறது. பெயர் நிலைப்பதற்குக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது, உரக்கச் சொல்லவும் வேண்டும் போலும்.

நம் கோவில்களில் உள்ள சுரூபங்களில் ஆசீர் வழங்கும் திருக்கையை நோக்கியிருப்பீர்கள். இரண்டு விரல்கள் நிமிர்ந்திருக்க, மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியிருக்கும். பண்டைக் காலத்துத் திருத்தந்தை ஒருவருக்கு இந்நோயோ, கைநரம்பில் காயமோ இருந்து, அவரால் நிமிர்த்த முடியாத விரல்களே ஆசீரின் அடையாளமாகிவிட்டன என்று சில மருத்துவர்கள் எழுதியுள்ளனர். சுவையான ஊகம், ஆனால் ஊகமே. உரோமைச் சொற்பொழிவாளர்கள் இக்கையமைப்பைத் திருச்சபைக்கு முன்பே அறிந்திருந்தனர். ஆகவே இதற்காக எந்தத் திருத்தந்தையின் கையையும் நோயுள்ளதாக்க வேண்டிய தேவையில்லை.

யாருக்கு வருகிறது?

வடக்கு ஐரோப்பிய இனத்தாரிடையே இந்நோய் மிகுதி. அதனால் 'வைக்கிங்குகளின் நோய்' என்ற பெயரும் இதற்கு உண்டு. இங்கிலாந்தின் முதலமைச்சராயிருந்த மார்கரெட் தாட்சர் அம்மையாரும், அமெரிக்க அதிபராயிருந்த ரொனால்டு ரேகனும் இதற்காகக் கையில் அறுவை செய்துகொண்டவர்கள். பெண்களைவிட ஆண்களுக்கு மிகுதி. ஐம்பது வயதுக்குமேல் மிகுதி. தந்தைக்கு இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு மிகுதி. பிறப்பும் வயதும் நம் கையில் இல்லாதவை. அவற்றை இத்துடன் விட்டுவிடுவோம்.

நம் நாட்டில் அந்த ஐரோப்பிய வகை அரிது. ஆனால் இந்நோய் நுழைவதற்கு நம் வீட்டில் மற்றொரு வாசல் திறந்திருக்கிறது. அதுவே நீரிழிவு. சர்க்கரை நோய் உள்ளவருக்கு டுப்யூட்ரன் சுருக்கம் வரும் வாய்ப்பு, அந்நோய் இல்லாதவரைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு. இவர்களுக்கு நடுவிரலிலும் மோதிர விரலிலும் தோன்றுவது வழக்கம். விரல் முழுவதும் மடங்கிப்போவது குறைவு. முடிச்சும், தோலில் குழியும், சிறு தடிப்புமாக நின்றுவிடுவதே மிகுதி. வலியில்லாததால் மருத்துவரிடம் எவரும் காட்டுவதில்லை.

சர்க்கரைக்கும் கைநாருக்கும் என்ன உறவு? இதைப் புரிந்துகொள்ள மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல வேண்டியதில்லை. அடுப்படிக்குச் சென்றால் போதும். தோசைக் கல்லில் மாவு வெள்ளையாக விழுகிறது, பொன்னிறமாக முறுகுகிறது. மாவிலுள்ள சர்க்கரைச் சத்தும் புரதச் சத்தும் சூட்டில் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் உண்டாவதே அந்நிறமும் அம்முறுகலும். லூயி காமில் மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1912-இல் இதனை விளக்கினார். அதே பற்றுதல் நம் உடற்சூட்டிலும் நடைபெறுகிறது. கல்லின்மேல் இரண்டு நிமிடங்களில் நடப்பது, உடலுக்குள் பல ஆண்டுகளில் நடக்கிறது, அவ்வளவே வேறுபாடு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் அது கொலாஜன் நார்களில் ஒட்டிக்கொண்டு, ஒரு நாரை மற்றொரு நாரோடு பிணைக்கிறது. பிணைந்த நார் விறைத்துப்போகிறது. பழைய நாரைக் கழித்துப் புதிய நாரைப் படைக்கும் உடலின் வழக்கமான வேலையும் தடைப்படுகிறது. மூன்று மாதச் சராசரி என்று சொல்லி மருத்துவர்கள் எடுக்கும் இரத்தப் பரிசோதனைகூட, இரத்தச் சிவப்பணுக்களில் இவ்வாறு ஒட்டிக்கொண்ட சர்க்கரையை அளப்பதே ஆகும். அவ்வளவு 6.5 விழுக்காட்டை எட்டினால் நீரிழிவு என்பர். வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு 126 மில்லிகிராமை எட்டினாலும் அதுவே.

உள்ளங்கைப் படலத்தோடு இது நிற்பதில்லை. மணிக்கட்டின் வழியே செல்லும் நரம்பு நெருக்கப்பட்டு, நள்ளிரவில் கை மரத்து எழுப்பிவிடும். விரல் மடங்கியபடி நின்று, பின்னர் 'சொடுக்'கென்று விடுபடும். தோள் இறுகிப் பின்புறம் கைகொண்டு செல்ல முடியாமற்போகும். இவை நான்கும் நீரிழிவின் வீட்டுக்கு அடிக்கடி சேர்ந்து வரும் விருந்தினர்கள். முதுமை என்று சொல்லித் தைலம் தடவிக்கொண்டிருக்கும் நம் பெரியோர்களுள் எத்தனை பேருக்கு இந்நான்கின் வேர் ஒன்றே என்பது தெரியும்?

இவற்றைவிடப் பரவலானது மற்றொன்று. விரல்களின் சிறு மூட்டுகள் அனைத்தும் சிறிது சிறிதாக விறைத்து, தோல் மெழுகு பூசியதுபோல் தடித்து, இரு கைகளையும் குவிக்கும்போது உள்ளங்கைகளும் விரல்களும் ஒன்றோடொன்று படியாமல் இடைவெளி விட்டு நிற்பது. இதனை மருத்துவ நூல்கள் 'செபக் குறி' என்றே அழைக்கின்றன. செபிக்கக் குவித்த கைகளின் நடுவே ஒளி தெரிந்தால், அது நீரிழிவின் அடையாளமாகலாம் என்பது அதன் கருத்து. நோயைக் கண்டறிய மருத்துவ உலகம் தேர்ந்துகொண்ட சோதனை, நாம் நாள்தோறும் செய்யும் செயலாக அமைந்திருக்கிறது!

அமெரிக்க நாட்டில் ரோசன்புளூம் என்னும் குழந்தை மருத்துவர் நீரிழிவுள்ள இளைஞர்களிடம் இவ்விறைப்பைக் கண்டு 1974-இல் எழுதினார். 1981-இல் அவரும் அவர் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு நம்மைத் திடுக்கிடச் செய்வது. பதினாறு ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தவருள், விரல் விறைப்பு இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடும் வாய்ப்பு 83 விழுக்காடு. விறைப்பு இல்லாதவர்களுக்கு 25 விழுக்காடு. கையில் காணப்படுவது, கண்ணுக்குள்ளும் சிறுநீரகத்துக்குள்ளும் காணப்படாமல் நடப்பதன் முன்னறிவிப்பு என்றே இதனைக் கொள்ள வேண்டும். விரல் விறைத்துவிட்டதே என்று வருந்துவோர், அவ்வருத்தத்தோடு கண் மருத்துவரையும் பார்த்துவிடுவது நலம். மதுரையில் வாழும் நமக்கு அதற்கு வழியில்லை என்று சொல்லவும் முடியாது.

கண் மருத்துவம் என்றவுடன் ஒருவர் நினைவு வருகிறது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வேங்கடசாமி, இளம் மருத்துவராக இருந்தபோதே முடக்குவாதத்தால் தாக்கப்பட்டார். விரல்கள் கோணிப்போயின. தாம் விரும்பிய மகப்பேற்று மருத்துவத்தை விட்டுவிட நேர்ந்தது. அவரோ கண் மருத்துவம் பயின்று, அக்கோணிய விரல்களில் கத்தி பிடிக்கத் தம்மைப் பழக்கிக்கொண்டு, இலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. அவருக்கு இருந்தது மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் வேறு நோய்; நாம் பேசும் நோயன்று. ஆயினும் கை வளைந்தவரெல்லாம் ஓய்ந்தவர் என்று எண்ணுவோர்க்கு, நம் நகரத்து மறுமொழி அவர்.

நம் பழக்கங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடெங்கும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான பேராய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகவும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் கணக்கிட்டது. வாசற்படியில் நிற்பவர் திரும்பிச் செல்ல முடியும் என்பதை மறக்கலாகாது.

திரும்புவது எங்கே? முதலில் சோற்றுத் தட்டில். பெரியாறு-வைகைப் பாசனம் பாயும் மேலூரிலும் வாடிப்பட்டியிலும் நெல்லை விளைவிக்கும் மக்களிடம் அரிசியைக் குறை கூறுவது குருவுக்கு அழகன்று; நானும் அந்தச் சோற்றில் வளர்ந்தவனே. ஆனால் தாத்தா உண்ட சோறு வேறு, நாம் உண்ணும் சோறு வேறு. அவர் கைக்குத்தல் அரிசியைத் தின்றார். நாள் முழுவதும் வயலில் நின்று அதனைச் செரித்தார். நாம் வெண்மை கெடாமல் தீட்டிய அரிசியைத் தின்றுவிட்டு, இரு சக்கர வண்டியில் தெருமுனைக் கடைக்குச் செல்கிறோம். 21 நாடுகளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வொன்று, வெள்ளை அரிசியை மிகுதியாக உண்போருக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுவதையும், அக்கூடுதல் தெற்காசிய மக்களிடமே மிகுந்திருப்பதையும் காட்டியது. சோற்றை விலக்க வேண்டாம். குவியலைக் குறைத்து, கீரையையும் காயையும் பயற்றையும் கூட்டினால் போதும். பகல் முழுவதும் நான்கைந்து முறை தேநீர் அருந்துவோர், அதில் விழும் சர்க்கரையை ஒருநாள் ஒரு தட்டில் கொட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பேசட்டும். திருவிழா நாளில் ஒரு குவளை ஜிகர்தண்டா அருந்தினால் நான் தடுக்க மாட்டேன். அது வாரம் மூன்று முறை வரும் திருவிழாவாகிவிடக் கூடாது.

உடல் பருமனைப் பற்றி ஒரு வியப்பான செய்தி உண்டு. பருமனானோரிடம் டுப்யூட்ரன் சுருக்கம் குறைவாகவே காணப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. இதைப் படித்து எவரும் வயிற்றைத் தடவி மகிழ வேண்டாம். பருமன் நீரிழிவின் நேர்வழி. நீரிழிவு வந்தபின் கை தப்பியது என்று ஆறுதல் கொள்வதில் பொருளில்லை.

அடுத்தது மது. டுப்யூட்ரனின் முதல் நோயாளி மது வணிகர் என்பது தற்செயல். அவர் பீப்பாயைத் தூக்கியதால் வந்தது என்றே அம்மருத்துவர் கருதினார். ஆனால் மிகுதியாகக் குடிப்போருக்கு இந்நோய் கூடுதலாக வருகிறது என்பதை அதன்பின் வந்த ஆய்வுகள் பலவும் உறுதி செய்தன. குடிக்கும் அளவு கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது. புகைப்போர் நிலையும் அவ்வாறே. பீடியும் சிகரெட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களை ஒடுக்கி, உள்ளங்கைத் திசுவுக்கு உயிர்க்காற்றுச் செல்வதைக் குறைக்கின்றன. குடியினால் நம் குடும்பங்களில் விளையும் கேடுகளை இப்பக்கங்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டவில்லை. குடிகாரக் கணவனின் கை பிறரை அடிக்க மட்டுமே மடங்குகிறது என்று எண்ணியிருந்தோம். அது தானாகவும் மடங்கக்கூடும்.

கைத்தொழிலைப் பற்றி மருத்துவர்களுக்குள் நெடுங்காலம் வழக்கு நடந்தது. மண்வெட்டுவதாலோ, நெசவாலோ, பூத்தொடுப்பதாலோ இது வருகிறது என்பது உறுதியாகவில்லை. ஆனால் கல்லுடைக்கும் துளைக்கருவி போன்று, நாள் முழுவதும் கையை அதிரச் செய்யும் எந்திரங்களை ஆண்டுக்கணக்கில் பிடிப்போருக்கு வாய்ப்புக் கூடுகிறது என்பது இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது. மேலூர்ப் பக்கத்துக் கற்குவாரிகளில் இளமையைக் கழித்துவிட்டு வந்திருப்போர் இதனை மனத்தில் கொள்வார்களாக. வலிப்பு நோய்க்கான சில பழைய மருந்துகளையும் சிலர் குற்றம் சாட்டுவர். அதற்கு அஞ்சி ஒருவரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு, வளைந்த விரலைவிடப் பன்மடங்கு கொடியது.

பெருநோய் அச்சம்

அந்தப் பெரியவரின் அச்சத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் வளைந்த விரலைக் கண்டவுடன் தொழுநோய் நினைவு வருவதற்குப் பழங்காரணம் உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் 1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தைச் சுற்றிப் பார்க்கையில், கோணிப்போன கையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, இறுகப் பற்றுமாறு கேட்டார். அந்நோயாளி பற்றிய பிடியில் மருத்துவருக்குக் கை வலித்தது. 'இக்கையில் வலிமை இன்னும் இருக்கிறதே!' என்று வியந்த அவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, எத்தனையோ பேரின் கைகளை மீட்டளித்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாமையால் காயப்பட்டே அழிகின்றன என்பதை உலகுக்கு எடுத்துரைத்தவரும் அவரே.

அவர் வழியிலேயே வேறுபாட்டை அறியலாம். தொழுநோயில் நரம்பு கெடுகிறது. ஆகவே விரலில் உணர்ச்சி குன்றும், சூடு தெரியாது, ஊசி குத்தினாலும் தெரியாது. வளைந்த விரலைத் தொடக்கத்தில் மற்றொரு கையால் நிமிர்த்த முடியும். டுப்யூட்ரன் சுருக்கத்தில் உணர்ச்சி நன்றாகவே இருக்கும், நிமிர்த்த முடியாது, உள்ளங்கையில் கயிறு போன்ற தடிப்புத் தட்டுப்படும். நெடுநாள் நீரிழிவிலும் உணர்ச்சி குன்றக்கூடும் என்பதால், இறுதி முடிவு மருத்துவருடையதாகவே இருக்கட்டும்.

ஒருவேளை தொழுநோயாகவே இருந்தாலும் என்ன? 1982 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்தால், ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ அது குணமாகிறது. அரசு மருத்துவ நிலையங்களில் அம்மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. தொழுநோயைக் காரணமாகக் காட்டி மணமுறிவு கேட்கும் உரிமையை நம் நாட்டுச் சட்டங்களிலிருந்து நீக்குவதற்கு 2019 வரை ஆயிற்று என்பதுதான் வெட்கத்துக்குரிய செய்தி. சட்டம் விடுவித்த பின்னும் வீட்டில் தனித் தம்ளர் தொடர்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம்

இன்று இரவு குடும்பச் செபமாலை முடிந்தவுடன், எழுந்துவிடாமல் அப்படியே சிறிது நேரம் இருங்கள். ஒவ்வொருவரும் முழங்கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, இரு உள்ளங்கைகளையும் இறுகக் குவியுங்கள். விரல்கள் அடியிலிருந்து நுனிவரை படிகின்றனவா? குழந்தைகள் எதிரே அமர்ந்து இடைவெளியைப் பார்த்துச் சொல்லட்டும். அவர்களுக்கு அது விளையாட்டு. பின்னர், உள்ளங்கையை மேசையின் மேல் கவிழ்த்து வையுங்கள். கை முழுவதும் மேசையில் படிய வேண்டும். விரலுக்கடியில் பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால், மருத்துவரிடம் செல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. நாற்பது வயதைக் கடந்தோர் சர்க்கரைப் பரிசோதனையையும் இதனுடன் சேர்த்துச் செய்துகொள்க. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வாங்கி அலமாரியில் அடுக்கி வைப்பதனால் பயன் இல்லை. அடுக்கி வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவம் எவ்வாறு? நீரிழிவினால் வந்த விறைப்புக்கு, சர்க்கரையை அடக்குவதும், வெந்நீரில் கையை நனைத்து விரல்களை மடக்கி விரிக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்வதும் பயன் தரும். வெந்நீரின் சூட்டை முதலில் வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். மரத்த கைக்குச் சூடு தெரியாது. டுப்யூட்ரன் கயிறு தடவுவதாலோ நீவுவதாலோ கரைவதில்லை. பலங்கொண்டு இழுத்து நிமிர்த்துவோரிடம் கையைக் கொடுக்க வேண்டாம். விரல் சிறிதே வளைந்து, வேலைக்குத் தடை இல்லையேல், மருத்துவர் பெரும்பாலும் பொறுத்திருந்து பார்க்கவே சொல்வார். மேசையில் கை படியாத நிலை வந்தபின், ஊசி நுனியால் கயிற்றை அறுப்பதோ, தடித்த படலத்தை அறுத்து நீக்குவதோ உண்டு. சில ஆண்டுகளில் மீண்டும் வரக்கூடும் என்பதையும் அறிந்தே அறுவைக்கு இசைய வேண்டும். நடுவிரல் மூட்டு நெடுநாள் மடங்கிக் கிடந்தால் முழுவதும் நிமிர்வது அரிது; ஆதலால் வெட்கத்தால் ஒளித்து வைக்கும் ஒவ்வோர் ஆண்டும் நட்டமே.

நீரிழிவுள்ளோர் கையில் படும் சிறு காயத்தைப் பற்றியும் ஒரு சொல். மீன் அரியும்போது முள் குத்தும், கருவேல முள் தைக்கும், அரிவாள்மணை கீறும். காலில் புண் வந்தால் அஞ்சுகிறோம். கையென்றால் மஞ்சளைப் பூசிவிட்டு வேலையைத் தொடர்கிறோம். நைஜீரியா, தான்சானியா நாடுகளிலும் நம் நாட்டிலும், சர்க்கரை கட்டுப்படாதவரின் சிறு கீறல் சில நாட்களில் கை முழுவதும் சீழ் பிடித்து, விரலையோ கையையோ எடுக்க நேர்ந்ததை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். வீங்கிச் சிவந்த கையுடன் ஒருநாள் காத்திருப்பதுகூடத் தவறு. உடனே அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ செல்க.

கொடிக்கால் பெரியவர் இப்போது பேத்தியைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வருகிறார். விரல் அதே வளைவில்தான் இருக்கிறது. மருத்துவர் அதனைத் தொடவில்லை. துண்டு தோளுக்குத் திரும்பிவிட்டது. சென்ற மாதம் வேறோர் ஐயத்துடன் வந்தார். திருமண மோதிரம் அந்த விரலில் இறுகிவிட்டது, கழற்றினால் திருமணத்துக்குக் குறையாகுமா என்றார். குறையொன்றும் இல்லை. தடிக்கத் தொடங்கிய விரலிலிருந்து மோதிரத்தைக் காலம் தாழ்த்தாமல் கழற்றிவிடுவதே முறை. வீங்கிய விரலில் மோதிரம் இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். சோப்பு நுரையும் நூலும் கொண்டு கழற்றலாம்; வராவிட்டால் பொற்கொல்லர் ஒரு நிமிடத்தில் வெட்டித் தருவார், மறுபடி ஒட்டியும் தருவார். அவர் மனைவி அதனைத் தம் தாலிச் சரட்டில் கோத்துப் போட்டுக்கொண்டார்.